கட்டணமில்லாப் பாடங்கள் பெருகியும் படிப்புச் செலவு குறையாதது ஏன்?

உலகின் முன்னணிப் பல்கலைக்கழகங்களின் விரிவுரைகள் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன என்ற செய்தியும், உயர்கல்விக் கட்டணம் ஆண்டுக்காண்டு ஏறுகிறது என்ற செய்தியும் பல வேளைகளில் ஒரே நாளில் கண்ணில் படுகின்றன. இரண்டும் உண்மை. இலவசமாகக் கிடைக்கத் தொடங்கிய பொருளின் விலை இறங்க வேண்டும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. கல்வியில் அது நடக்கவில்லை. திறந்த கல்வி பற்றிக் கால் நூற்றாண்டாகப் பேசப்பட்டும் ஒரு பட்டம் பெற ஆகும் செலவு ஏன் குறையவில்லை, தாமாகப் படித்துத் தேறியவருக்கு வேலைவாய்ப்பின் கதவு ஏன் எளிதில் திறப்பதில்லை என்ற கேள்விகள் இதிலிருந்து எழுகின்றன. 'கல்வி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் தன்மையால் வேறுபட்ட பல பொருள்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றில் ஒன்று மட்டுமே இதுவரை உண்மையாகத் திறக்கப்பட்டிருக்கிறது. அது எது, மற்றவை ஏன் மூடியே கிடக்கின்றன என்பதை அடிப்படையிலிருந்து காண்போம்.

முதலில் சொற்கள்

இலவசம், திறந்த, தன்வழி ஆகிய மூன்று சொற்களும் செய்திகளில் ஒன்றுக்கு மற்றொன்றாகப் புழங்குகின்றன. குழப்பத்தின் பாதி இங்கேயே தொடங்கிவிடுகிறது.

'இலவசம்' என்பது விலையைக் குறிக்கும் சொல். ஒரு பாடத்தை இன்று காசு கொடுக்காமல் பார்க்க முடிகிறது என்பதற்கு மேல் அது எதையும் உறுதி செய்வதில்லை. நாளை அதற்கு விலை வைக்கலாம், பாடத்தையே நீக்கிவிடலாம், அதைப் படியெடுத்து வைத்திருக்கப் பார்ப்பவருக்கு உரிமை இருக்காது.

'கட்டற்ற' அல்லது 'திறந்த' வளம் என்னும்போது பேச்சு விலையிலிருந்து உரிமைக்கு மாறுகிறது. படியெடுக்கவும் திருத்தவும் மொழிபெயர்க்கவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமையாளரின் அனுமதி முன்கூட்டியே எழுத்தில் வழங்கப்பட்டிருந்தால்தான் ஒரு பாடநூலையோ காணொளியையோ அவ்வாறு அழைக்க முடியும்.

'திறந்தநிலை'ப் பல்கலைக்கழகம் என்ற வழக்கில் அதே சொல் வேறொரு பொருளை ஏற்கிறது. 1969-இல் அரச சாசனம் பெற்று, 1971-இல் முதல் மாணவர்களுக்குப் பாடம் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், முன்கல்வித் தகுதி கேட்காமல் மாணவர்களைச் சேர்த்தது. திறக்கப்பட்டது சேர்க்கை வாயில்; கட்டணம் உண்டு, பாடப்பொருளுக்குப் பதிப்புரிமையும் உண்டு. தன் பாடங்களில் ஒரு பகுதியைத் திறந்த உரிமத்தில் அது இணையத்தில் வெளியிடத் தொடங்கியது 2006-இல்தான். ஆகவே ஒரு நிறுவனம் ஒரு பொருளில் திறந்ததாகவும் இன்னொரு பொருளில் மூடியதாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும்.

இனி, தன்வழிக் கற்றல். முதியோர் கல்வி அறிஞர் மால்கம் நோல்ஸ் 1975-இல் இதற்குத் தந்த வரையறை இன்றும் பெரிதும் பயன்படுத்தப்படுகிறது. தனக்கு என்ன தெரிய வேண்டும் என்று கண்டறிவது, இலக்கை வகுப்பது, அதற்கான வளங்களைத் தேடுவது, முறையைத் தேர்ந்தெடுப்பது, விளைவை மதிப்பிடுவது ஆகிய ஐந்திலும் கற்பவரே முன்முயற்சி எடுப்பது தன்வழிக் கற்றல் என்பது அதன் சாரம். 'பிறர் உதவியுடனோ உதவியின்றியோ' என்ற தொடரையும் அந்த வரையறை சேர்த்துக்கொள்கிறது; ஆனால் பலரும் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். தன்வழிக் கற்றல் என்றால் தனியாக அறையில் அமர்ந்து படிப்பது என்று எண்ணுவது பிழை. கப்பலை எங்கே செலுத்துவது என்று முடிவு செய்வது கற்பவர். துடுப்புப் போட மற்றவர்கள் இருக்கலாம், இருக்கவும் வேண்டும்.

ஒரே மூட்டைக்குள் நான்கு பொருள்கள்

ஒரு கல்லூரிக்குச் செலுத்தும் கட்டணம் எதற்கான விலை? பிரித்துப் பார்த்தால் நான்கு பொருள்கள் தெரியும்.

1. பாடப்பொருள்: நூல்கள், விரிவுரைகள், பயிற்சிக் கணக்குகள், ஆய்வுக் கட்டுரைகள்.
2. வழிகாட்டல்: எதற்குப் பின் எதைப் படிக்க வேண்டும் என்ற வரிசை, ஐயத்துக்கு விடை, எழுதியதைத் திருத்தித் தருதல்.
3. சூழல்: கால அட்டவணை, உடன் படிப்போர், ஆய்வகம், விட்டுவிடாமல் இழுத்துச் செல்லும் ஒழுங்கு.
4. சான்று: இவருக்கு இன்னது தெரியும் என்று மூன்றாம் நபர் நம்பும்படி உறுதி கூறும் ஆவணம்.

இவற்றின் செலவுகள் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை. பாடப்பொருளை உருவாக்கப் பெருஞ்செலவு ஆகும். உருவானபின் இன்னொரு படி எடுக்க ஏறத்தாழ ஒன்றும் ஆகாது. ஆயிரம் பேர் படித்தாலும் பத்து லட்சம் பேர் படித்தாலும் மொத்தச் செலவு பெரிதாக மாறாது. வழிகாட்டல் இதற்கு நேர் எதிரானது. ஒரு மாணவர் எழுதிய கட்டுரையைப் படித்து, அதில் வாதம் எங்கே தளர்கிறது என்று குறிப்பெழுத நூறாண்டுக்கு முன் ஆசிரியருக்கு எவ்வளவு நேரம் ஆயிற்றோ, இன்றும் அவ்வளவு நேரமே ஆகிறது.

பொருளியலாளர்கள் வில்லியம் பௌமலும் வில்லியம் போவனும் 1960-களில் நிகழ்கலைகளின் செலவை ஆராய்ந்து விளக்கிய உண்மை இதுதான். நால்வர் சேர்ந்து வாசிக்கும் ஓர் இசைக்கோவைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பும் நான்கு கலைஞர்கள் தேவை. இன்றும் நான்கு பேர் தேவை. நேரமும் அதே நேரம். மற்றத் தொழில்களில் இயந்திரங்களால் உற்பத்தித் திறன் உயர, அங்கே கூலியும் உயர்கிறது. கலைஞர்களையும் ஆசிரியர்களையும் அவர்கள் தொழிலில் நிலைக்க வைக்க வேண்டுமானால் அவர்கள் ஊதியமும் அதற்கேற்ப உயர்ந்தாக வேண்டும். ஆனால் அவர்கள் செய்யும் வேலையின் அளவு உயர்வதில்லை. எனவே அந்தச் சேவையின் ஒப்பீட்டு விலை ஏறிக்கொண்டே போகும். இதற்குப் 'பௌமலின் செலவு நோய்' என்று பெயர். கல்விக் கட்டணம் உயர இது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. அரசு மானியக் குறைப்பு, நிர்வாகப் பெருக்கம், புதுக் கட்டடங்கள் எழுப்புவதில் கல்லூரிகளுக்கிடையே உள்ள போட்டி ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் பாடப்பொருள் இலவசமானதும் கட்டணம் ஏன் சரியவில்லை என்ற கேள்விக்கு அடிப்படை விடை இங்கேதான் இருக்கிறது: இலவசமானது, ஒரு மாணவருக்கு என்று கணக்கிட்டால் மூட்டையில் மிகக் குறைந்த செலவுள்ள பொருள்.

பாடப்பொருள் எவ்வாறு திறந்தது

பதிப்புரிமை பற்றிய ஓர் அடிப்படை விதியை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையின் வழிவந்த சட்டங்களின்படி, ஒருவர் எழுதிய கணமே அவருக்குப் பதிப்புரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்யவோ அறிவிக்கவோ தேவையில்லை. ஆகவே இணையத்தில் யாரும் பார்க்கக்கூடியதாக ஒரு பாடம் கிடக்கிறது என்பதாலேயே அதைப் படியெடுத்து மாணவர்களுக்குக் கொடுக்க உரிமை வந்துவிடாது. ஆசிரியர் நல்ல மனத்தோடு பகிர விரும்பினாலும், அதைச் சட்டப்படி சொல்ல எளிய வழி நெடுங்காலம் இல்லை.

அந்தக் குறையை நிரப்பியது கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு. 2001-இல் தொடங்கப்பட்ட இவ்வமைப்பு 2002 டிசம்பரில் தன் முதல் உரிமங்களை வெளியிட்டது. இன்றுள்ள ஆறு உரிமங்களும் நான்கு நிபந்தனைகளின் சேர்க்கைகளே: ஆக்கியவர் பெயரைக் குறிப்பிடுதல், மாற்றியமைத்ததை அதே உரிமத்தில் பகிர்தல், வணிகத்துக்குப் பயன்படுத்தாமை, மாற்றம் செய்யாமை. முதல் நிபந்தனை ஆறிலும் உண்டு. கல்வியாளர் டேவிட் வைலி, திறந்த வளம் ஒன்று தர வேண்டிய அனுமதிகளை ஐந்தாக வகுத்தார்: படியை நிலையாக வைத்திருத்தல், பயன்படுத்துதல், திருத்துதல், பிறவற்றோடு கலத்தல், மறுபடி வழங்குதல். இந்த ஐந்தில் ஒன்று குறைந்தாலும் நடைமுறையில் எங்காவது முட்டுக்கட்டை விழும்.

எடுத்துக்காட்டாக, மொழிபெயர்ப்பு சட்டத்தின் பார்வையில் ஒரு மாற்றம். 'மாற்றம் செய்யாமை' என்ற நிபந்தனையுடன் வெளியான பாடத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பகிரலாம். ஆனால் மொழிபெயர்த்து வெளியிட முடியாது. சில பெரிய மொழிகளுக்கு வெளியே வாழ்வோருக்கு அந்த உரிமம் பெயரளவிலேயே திறந்தது. இன்னொரு சிக்கல் அவ்வளவாக வெளியே தெரிவதில்லை. விக்கிப்பீடியாவின் உரைகள் 'பெயர் குறிப்பிடல், அதே உரிமத்தில் பகிர்தல்' என்ற உரிமத்தில் உள்ளன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் திறந்த பாடத் தொகுப்பு அவற்றோடு 'வணிகமற்ற பயன்பாடு' என்ற நிபந்தனையையும் சேர்த்திருக்கிறது. இரண்டிலிருந்தும் பகுதிகளை எடுத்துக் குழைத்து ஒரே புதிய பாடமாக்கினால், அதை எந்த உரிமத்தில் வெளியிட்டாலும் இரண்டில் ஒன்றை மீறியதாகிவிடும். பகிர வேண்டும் என்ற நல்ல நோக்கத்துடன் எழுதப்பட்ட இரண்டு நிபந்தனைகள் ஒன்றோடொன்று சேர மறுக்கின்றன. கல்வி வளங்களுக்குப் 'பெயர் குறிப்பிடல்' என்ற ஒரே நிபந்தனை போதும் என்று பலர் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம். அவ்வாதம் சரியானது என்பதே என் முடிவும்.

மேலே சொன்ன மாசசூசெட்ஸ் கழகம் தன் பாடங்கள் அனைத்தையும் இணையத்தில் வெளியிடப் போவதாக 2001-இல் அறிவித்தது இந்த வரலாற்றின் திருப்புமுனை. 2002-இல் யுனெஸ்கோ கூட்டிய மன்றத்தில் 'திறந்த கல்வி வளங்கள்' என்ற பெயர் உருவானது. 2019 நவம்பரில் யுனெஸ்கோவின் பொது மாநாடு இவ்வளங்கள் குறித்த முறையான பரிந்துரையை ஏற்றது.

விலையில் இதன் விளைவு மிகத் தெளிவாகத் தெரிவது பாடநூல்களில். அமெரிக்காவில் கல்லூரிப் பாடநூல்களின் விலைக் குறியீடு 2006-க்கும் 2016-க்கும் இடையில் 88 விழுக்காடு உயர்ந்ததாக அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் கணக்கிட்டது. ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012 முதல் வெளியிட்டுவரும் திறந்த பாடநூல்கள் அந்தச் சூழலில்தான் பரவின. இயற்பியல், உயிரியல், புள்ளியியல் போன்ற அடிப்படைப் பாடங்களுக்கு ஆசிரியர்கள் எழுதி, பிற ஆசிரியர்கள் சரிபார்த்த முழு நூல்கள் அவை. வாசகருக்கு விலை இல்லை என்பதால் ஆக்கச் செலவு இல்லை என்று ஆகிவிடாது. அறக்கட்டளைகளின் நன்கொடை அதை ஏற்கிறது. இந்தக் கேள்வியை, அதாவது யார் பணம் தருகிறார் என்பதை, ஒவ்வோர் இலவச அறிவிப்பின்போதும் கேட்க வேண்டும்.

பெருந்திரள் பாடங்கள் காட்டிய எல்லை

பாடப்பொருளோடு பயிற்சியையும் தேர்வையும் சேர்த்து, அளவுக்கு வரம்பின்றி மாணவர்களைச் சேர்க்கும் இணைய வகுப்புகளுக்குப் பெருந்திரள் திறந்த இணையப் பாடம் என்று பெயர். இப்பெயர் 2008-இல் கனடாவில் ஜார்ஜ் சீமன்ஸும் ஸ்டீபன் டௌன்ஸும் நடத்திய ஒரு வகுப்பையொட்டித் தோன்றியது. 2011-இல் ஸ்டான்ஃபோர்டின் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவு செய்தபோது உலகம் திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆண்டே இத்தகைய பாடங்களை வழங்கும் இணையத் தளங்களான கோர்செராவும் எட்எக்ஸும் தொடங்கின. பல்கலைக்கழகங்களே தேவையற்றுப் போய்விடும் என்று அப்போது நம்பியவர்கள் பலர்.

நடந்தது வேறு. ஹார்வர்டும் மாசசூசெட்ஸ் கழகமும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களின் ஆறாண்டுத் தரவை ஆராய்ந்து ஜஸ்டின் ரைக்கும் ஹோசே ருயிபெரெஸ்-வாலியென்டேயும் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2017-18-இல் பதிவு செய்தோரில் பாடத்தை முடித்தவர்கள் 3.13 விழுக்காடு. கட்டணம் செலுத்திச் சான்றிதழ் வழியைத் தேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 46 விழுக்காடு.

இந்த எண்களைப் படிக்கும்போது அவசரம் கூடாது. முடிக்காதவர் அனைவரும் தோற்றவர் என்று கொள்ள முடியாது. ஒரே ஒரு விரிவுரைக்காக வந்து, வேண்டியதைப் பெற்றுச் சென்றவர்களும் அவர்களில் இருப்பார்கள். ஒரு நூலகத்தில் புரட்டப்பட்ட எல்லா நூல்களும் கடைசிப் பக்கம்வரை படிக்கப்படுவதில்லை. அதேபோல், பணம் கட்டியதாலேயே 46 விழுக்காட்டினர் முடித்தார்கள் என்றும் சொல்ல முடியாது; முடிக்கும் உறுதி உள்ளவர்களே பணம் கட்டியிருக்கலாம். இந்த எச்சரிக்கைகளுக்குப் பின்னும் மிஞ்சும் செய்தி கவலை தருவது. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தன் இணையப் பாடங்களில் சேர்ந்தோரை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவில், அவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள் என்று தெரிந்தது. யாருக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டிருந்ததோ அவர்களுக்காகத் திறக்கப்பட்ட கதவின் வழியாக, உள்ளே இருந்தவர்களே இன்னும் சில அறைகளுக்குச் சென்றார்கள். தாமாகக் கற்கும் திறன் முந்தைய கல்வியிலிருந்து வளர்வது என்பதால், அந்தக் கல்வி கிடைக்காதவருக்குப் பாடப்பொருளை மட்டும் கொடுத்தால் இடைவெளி குறைவதற்குப் பதிலாகக் கூடவும் செய்யும்.

தளங்களின் போக்கும் மாறியது. தொடக்கத்தில் தேர்வும் சான்றிதழும் காசில்லாமல் கிடைத்த பாடங்கள் பல, சில ஆண்டுகளில் சான்றிதழையும் மதிப்பிடப்படும் பயிற்சிகளையும் கட்டணத்தின் பின்னே நகர்த்தின. எட்எக்ஸ் 2021-இல் 80 கோடி டாலருக்கு ஒரு வணிக நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. வாங்கிய நிறுவனம் 2024-இல் திவால் பாதுகாப்புக் கோரியது. இலவசத்துக்கும் கட்டற்றதற்கும் உள்ள வேறுபாடு இத்தகைய தருணங்களில்தான் உறைக்கிறது. உரிமம் திறந்திருந்தால், தளம் கைமாறினாலும் மூடப்பட்டாலும் பாடத்தை வேறிடத்தில் நட்டு வளர்க்கலாம். அனுமதி தளத்தோடு பிணைந்திருந்தால் அதன் கதியே பாடத்தின் கதி.

தாமாகக் கற்பவருக்குக் கிடைக்காமல் போவது

தன்வழிக் கற்றல் முறிவது பெரும்பாலும் சோம்பலாலோ திறமைக் குறைவாலோ நிகழ்வதன்று. அதற்கு அமைப்பு சார்ந்த மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது வரிசை. ஒரு துறைக்குப் புதியவர், தமக்குத் தெரியாதது எது என்பதையே அறியாதவர். ஆயிரம் காணொளிகள் முன்னே இருந்தால் எதைத் தொடுவது, எதை விடுவது என்று முடிவு செய்ய அத்துறையின் அறிவே தேவைப்படுகிறது. அதைத்தான் அவர் பெற வந்திருக்கிறார். கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2006-இல் முன்வைத்த வாதம் இங்கே பொருந்தும்: தொடக்க நிலையில் இருப்பவருக்கு வழிகாட்டல் மிகக் குறைவான கற்பித்தல் பயன் தருவதில்லை, முன்னறிவு போதிய அளவு சேர்ந்த பின்னரே வழிகாட்டலின் தேவை குறையத் தொடங்குகிறது. தன்வழி என்பது புறப்படும் இடத்தைவிடப் போய்ச் சேரும் இடத்துக்கே பொருந்தும் பெயர் என்று இதிலிருந்து கொள்ளலாம்.

இரண்டாவது, தெரிந்துவிட்டது என்ற மயக்கம். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில் ஒரு குழுவினர் ஓர் உரைப்பகுதியை நான்கு முறை படித்தனர். இன்னொரு குழுவினர் ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை உரையைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 83 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்கள் 71 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழித்து நிலை தலைகீழாயிற்று: படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. இதில் கூர்ந்து நோக்க வேண்டியது வேறொன்று. தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்ற நம்பிக்கை திரும்பத் திரும்பப் படித்தவர்களிடமே அதிகம் இருந்தது. தாமாகப் படிப்பவருக்குத் தம் நிலையை அளக்கத் தம் உணர்வைத் தவிர வேறு கருவி இல்லை. அக்கருவியோ பிழையாகக் காட்டுகிறது. காணொளி பார்க்கும்போது இம்மயக்கம் இன்னும் கூடும், ஏனெனில் தேர்ந்த ஒருவர் தடங்கலின்றி விளக்குவதைக் கேட்கும் எளிமையை நாம் நம் புரிதலின் எளிமை என்று எடுத்துக்கொள்கிறோம்.

மூன்றாவது, திருத்தம். நிரல் எழுதுபவர் பிழை செய்தால் கணினி அக்கணமே சொல்லிவிடும். கணக்குப் போடுபவர் விடையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சட்ட வாதம் எழுதுபவருக்கும் வரலாற்றுக் கட்டுரை எழுதுபவருக்கும் அவ்வாறு சொல்ல இன்னொரு மனிதர் வேண்டும். தாமாகக் கற்றுத் தேர்ந்தோர் நிரலாக்கத்தில் இவ்வளவு பேர் இருப்பதற்கும் மற்றத் துறைகளில் அரிதாக இருப்பதற்கும் இந்த வேறுபாடு ஒரு முக்கியக் காரணம். உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இவ்வெற்றிடத்தை நிரப்பும் என்ற எதிர்பார்ப்பு இன்று வலுத்துள்ளது. எந்த நேரத்திலும் சலிக்காமல் விளக்கம் தரும் துணை என்ற வகையில் அவற்றின் பயன் மெய்யானது. ஆயினும் அவை தரும் பிழையான விடையைப் பிழை என்று காணும் அறிவு புதியவரிடம் இல்லை; முயலும் முன்பே விடை வந்துவிட்டால், மேலே கண்ட சோதனை காட்டிய நினைவுப் பயிற்சியும் கைநழுவிப் போகும்.

இக்காரணங்களிலிருந்து, தாமாகப் படிப்பவர் தம் ஏற்பாட்டை எவ்வாறு அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் பெறப்படுகிறது.

1. பாடத்தைத் தேடும் முன் தேர்வைத் தேட வேண்டும். அத்துறையில் நடக்கும் ஏதேனும் ஒரு தரமான தேர்வின் பாடத்திட்டமும் பழைய வினாத்தாள்களும், எது கரு, எது கிளை என்று காட்டிவிடும்.
2. முதுகெலும்பாக ஒரே ஒரு பாடநூல் போதும். மற்றவை ஐயம் வரும்போது மட்டும் திறக்கப்பட வேண்டியவை. பத்து வளங்களை ஒரே நேரத்தில் தொடங்குபவர் பத்தின் முதல் அத்தியாயங்களை மட்டுமே அறிவார்.
3. ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் நூலை மூடி எழுதிப் பார்க்க வேண்டும். சில நாள் இடைவெளிவிட்டு மறுபடியும் எழுதிப் பார்க்க வேண்டும்.
4. வாரத்துக்கு ஒரு முறையேனும் எழுதியதை இன்னொருவர் படிக்க வேண்டும். அவர் ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. அதே நூலைப் படிக்கும் இன்னொரு மாணவரும் போதும்.

நான்காவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். படிப்பு பாதியில் நிற்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

சான்று என்ற கடைசி வாயில்

மேற்கண்ட தடைகளைத் தாண்டி உண்மையாகவே கற்றுவிட்டவருக்கும் ஒரு வாயில் மிச்சமிருக்கிறது. வேலைக்கு எடுப்பவருக்கு எதிரில் இருப்பவரின் அறிவு கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பதிலாக அவர் ஓர் அடையாளத்தை நம்ப வேண்டியிருக்கிறது. பட்டம் அத்தகைய அடையாளம் என்பதைப் பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் கோட்பாடாக வகுத்தார். அந்த அடையாளத்துக்கு மதிப்பு வருவதே அதைப் பெறுவது எளிதல்ல என்பதால்தான். எனவே யாருக்கும் எளிதாகக் கிடைக்கும் சான்றிதழ்கள் பெருகப் பெருக, அவை ஒவ்வொன்றின் எடையும் குறைகிறது.

இதற்கான தீர்வு புதியதன்று. லண்டன் பல்கலைக்கழகம் 1858-இலேயே, எங்கே படித்தவராயினும், எவ்வாறு படித்தவராயினும், தேர்வில் தேறினால் பட்டம் என்று தன் தேர்வுகளை வெளியாருக்குத் திறந்தது. கற்பிப்பவர் ஒருவர், மதிப்பிடுபவர் வேறொருவர் என்று இரண்டையும் பிரித்ததே இதன் நுட்பம். தேர்வின் கடுமை குறையவில்லை; அதற்கு முன் நின்ற வாசல்கள் மட்டும் அகற்றப்பட்டன. தொலைநிலைக் கல்வி எந்த அளவுக்கு எட்ட முடியும் என்பதற்கு நெல்சன் மண்டேலா ஒரு சான்று: சிறையிலிருந்தபடியே தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் வழியாகச் சட்டப் பட்டத்தை அவர் 1989-இல் முடித்தார்.

பிற்காலத்தில், கற்பித்தலையும் மதிப்பீட்டையும் பிரிக்கும் இந்த முறையின் பல வடிவங்கள் தோன்றின. அமெரிக்காவில் 1967 முதல் நடக்கும் கல்லூரி நிலைத் தேர்வுத் திட்டத்தில், வகுப்புக்குச் செல்லாமல் ஒரு பாடத்தில் தேறியவருக்குப் பல கல்லூரிகள் அப்பாடத்துக்குரிய மதிப்பலகை (கிரெடிட்) வழங்குகின்றன. பிரான்சில் 2002-இல் வந்த சட்டம், பணி அனுபவத்தால் பெற்ற அறிவை நடுவர் குழு முன் நிறுவி முழுப் பட்டமே பெற வழிசெய்தது. 2009-இல் தொடங்கிய, இணையவழியில் நடக்கும் மக்கள் பல்கலைக்கழகம் கற்பித்தலுக்குக் கட்டணம் வாங்குவதில்லை. பாடந்தோறும் மதிப்பீட்டுக்கு ஒரு தொகை வாங்குகிறது. இந்த ஏற்பாடு தற்செயலானதன்று. பாடப்பொருளைத் திறந்த வளங்களாலும் கற்பித்தலைத் தன்னார்வலர்களாலும் நடத்தினாலும், தேர்வை நேர்மையாக நடத்தவும் பதிவுகளைக் காக்கவும் அங்கீகாரத்தைத் தக்கவைக்கவும் பணம் வேண்டும்.

தேர்வைத் திறப்பதற்கு எல்லைகளும் உண்டு. மருத்துவம், வேதியியல் ஆய்வு, இயந்திரப் பராமரிப்பு போன்றவற்றில் கையால் செய்து பழகியதைத் தாளில் எழுதிக் காட்ட முடியாது. ஆள்மாறாட்டத்தையும் பார்த்தெழுதுவதையும் தடுக்கும் செலவும் சிறிதன்று. ஆனால் மொழி, கணிதம், கணக்கியல், வரலாறு, நிரலாக்கம் எனத் தாளிலோ திரையிலோ சோதிக்கக்கூடிய துறைகள் எத்தனையோ இருக்கும்போது, வகுப்பில் இருந்த நாள்களின் எண்ணிக்கையை அறிவின் அளவாகக் கொள்வதற்கு நியாயம் இருப்பதாகத் தெரியவில்லை.

இணைப்பும் வடிவமும்

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்குப்படி 2024-இல் உலகில் ஏறத்தாழ 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருந்தனர். இணைப்பு உள்ளவரிலும் பலருக்கு அது அளந்து செலவிட வேண்டிய பொருள். ஒரு மணி நேரக் காணொளி கேட்கும் தரவில் நூற்றுக்கணக்கான பாடநூல் பக்கங்களை உரையாக இறக்கிவிடலாம். ஆகவே காணொளியை மட்டும் வெளியிட்டுவிட்டு, அதன் எழுத்து வடிவத்தைத் தராமல் விடுவது பெரும் குறை. எழுத்து வடிவம் இருந்தால் தேடலாம், மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம், பார்வையற்றோரின் திரைவாசிப்பான் படிக்கும். விக்கிப்பீடியாவை இணையமின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸ், பாடங்களை ஒரு சிறு கணினியில் சேமித்து வகுப்பறைக்குள்ளேயே பரிமாறும் கோலிப்ரி போன்ற மென்பொருள்கள் உள்ளன. அவை வேலை செய்வதற்கும் உரிமம் திறந்திருப்பதே முன்நிபந்தனை. பார்வைக் குறைபாடு உள்ளோருக்காக நூல்களை அணுகத்தக்க வடிவில் மாற்றப் பதிப்புரிமையில் விலக்களிக்கும் மரகேஷ் உடன்படிக்கை 2013-இல் ஏற்கப்பட்டு 2016-இல் நடைமுறைக்கு வந்தது.

பொதுப்பணம் எங்கே செல்ல வேண்டும்

செலவைக் குறைக்க முனையும் அரசும் அறக்கட்டளையும் இன்று பெரும்பாலும் மூட்டையின் முதற்பொருளான பாடப்பொருளிலேயே பணத்தை இறக்குகின்றன: இன்னொரு தளம், இன்னும் சில ஆயிரம் காணொளிகள். ஏற்கெனவே நிரம்பிய பாத்திரம் அது. மேலே கண்ட காரணங்களை அடுக்கிப் பார்த்தால் வேறு வரிசை கிடைக்கும்.

பாடப்பொருளுக்குப் பணம் தரும்போது, அதன் விளைவு திறந்த உரிமத்தில் வெளிவர வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்ப்பது கூடுதல் செலவில்லாத செயல். அமெரிக்கத் தொழிலாளர் துறை 2011-இல் சமுதாயக் கல்லூரிகளுக்கென அறிவித்த, ஏறத்தாழ 200 கோடி டாலர் அளவிலான நிதித்திட்டம், உருவாகும் பாடங்கள் 'பெயர் குறிப்பிடல்' உரிமத்தில் வெளிவர வேண்டும் என்று விதித்தது. பொதுப்பணத்தில் எழுதப்பட்ட பாடநூலைப் பொதுமக்கள் இரண்டாம் முறை விலை கொடுத்து வாங்கும் நிலை இந்த ஒரு விதியால் நீங்கும்.

அடுத்த தொகை மனிதர்களுக்குச் செல்ல வேண்டும். நூலகத்தில் வாரம் இருமுறை கூடும் படிப்பு வட்டமும், எழுதியதைத் திருத்தித் தரச் சம்பளம் பெறும் ஓர் ஆசிரியரும், ஏற்கெனவே இலவசமாகக் கிடக்கும் பாடப்பொருளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவார்கள். இது மலிவாகப் பெருகாத செலவு என்பது பௌமலின் விளக்கத்திலிருந்தே தெரியும். பெருகாது என்பதாலேயே இதைச் சந்தையும் நன்கொடையும் தவிர்க்கின்றன. அதனால்தான் பொதுப்பணம் இங்கே தேவைப்படுகிறது.

மூன்றாவது, தேர்வு. ஒரு பல்கலைக்கழகம் தன் தேர்வை வெளியாருக்குத் திறக்க விரும்பினால் செய்ய வேண்டியவை பல இல்லை: பாடத்திட்டத்தையும் முந்தைய வினாத்தாள்களையும் மதிப்பெண் வழங்கும் முறையையும் வெளியிடுவது, செய்முறைத் தேர்வுக்கு ஆய்வக நேரத்தைத் தனியே வாடகைக்குத் தருவது, தேர்வுக் கட்டணம் தேர்வை நடத்த ஆகும் செலவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது, தவறியவர் ஓராண்டு காத்திராமல் சில வாரங்களில் மறுபடி எழுத வகைசெய்வது. வெளியிலிருந்து எழுதியவரின் சான்றிதழும் உள்ளே படித்தவரின் சான்றிதழும் ஒரே வாசகத்தில் அச்சிடப்பட வேண்டும் என்பது இவற்றோடு சேர்க்க வேண்டிய இன்னொரு விதி. 'வெளியார்' என்ற ஒரு சொல் அதில் இடம்பெற்றாலும், வேலை தருபவரின் மேசையில் அது வேறொரு தரமாகவே படிக்கப்படும்.